காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை கடலோரமாகவே நடக்க முடியுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "என் மகன் வேல்ஸில் இருக்கிறான். அங்கே கடலோரம் முழுவதையும் ஒரே நடைபாதையாக இணைத்து 2012-இல் திறந்துவிட்டார்கள். மொத்தம் 1,400 கி.மீ. நமக்கு அவ்வளவு வேண்டாம். காசிமேட்டில் கிளம்பி, கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே நடந்தால் மூன்றாம் நாள் பழவேற்காடு. வழி கேட்கக்கூடத் தேவையில்லை. மனம்தான் வேண்டும். வடசென்னைக்காரர்கள் யாராவது போயிருக்கிறீர்களா?"

ஜனவரி 5, 2025

மனம் போதாது, படகும் வேண்டும். நான்கைந்து வாயில்களில் காட்ட அனுமதிச் சீட்டும் வேண்டும்.

நான் திருவொற்றியூர்க்காரன், 64 வயது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். அடுத்தவர் எழுத்தில் பிழை கண்டால் கை சும்மா இருக்காது. நீங்கள் சொல்வதுபோல் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் எண்ணூரில் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் இறங்குவீர்கள். நீந்திக் கரையேறினால் காமராஜர் துறைமுகம். அதையும் தாண்டினால் காட்டுப்பள்ளித் துறைமுகம். அங்கெல்லாம் கரை கப்பலுக்கு. இதற்கு முன்னால் காசிமேடு முதல் எண்ணூர் வரை ஒரு பிடி மணல் கிடையாது, எல்லாம் கருங்கல். அதன்மேல் ஆடு நடக்கும்.

வேல்ஸை மகனிடமே விட்டுவிடுங்கள்.

ஜனவரி 6

மணல் ஏன் இல்லை என்று வாசகர் கேட்டிருக்கிறார். கடலோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திரும்பி வரும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போகிற மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. மெரினா அகலமானது அப்படித்தான். சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றது, அலை மட்டும் நிற்கவில்லை. ராயபுரம் தொடங்கி எங்கள் பக்கத்துக் குப்பங்களைத் தின்றுகொண்டே வந்தது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள்.

மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் எங்கள் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வாடகை எதுவும் வந்ததாக நினைவில்லை.

ஜனவரி 9

மேலே எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். "முடியாது முடியாது என்று எழுதுகிறீர்களே, நீங்கள் ஒரு நாளாவது போய்ப் பார்த்ததுண்டா?" என்று என் மனைவி கேட்டாள்.

இல்லை. எண்ணூருக்கு நூறு முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். பழவேற்காட்டுக்கு இரண்டு முறை, இரண்டும் வேனில், இரண்டும் கல்யாணத்துக்கு.

ஆகவே போகிறோம். நானும் என் மனைவியின் தம்பியும். துறைமுகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்துப் போன வருடம் ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்து எல்லாரையும் மேற்பார்வை செய்துகொண்டிருப்பதால், அவரை மூன்று நாள் கூட்டிப் போவதற்கு அவர் மனைவியும் எனக்கு நன்றி சொன்னாள். காணும் பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை.

ஜனவரி 12

காலுக்கு என்ன போடுவது என்பதில் சண்டை. நான் கான்வாஸ் ஷூ வாங்கினேன். மைத்துனர் ரப்பர் செருப்பே போதும் என்கிறார். "மாமா, மீனவன் எவனாவது ஷூ போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" மீனவன் பழவேற்காட்டுக்கு நடந்தா போகிறான் என்று நான் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

ஜனவரி 24, இரவு

முதல் நாள் முடிந்தது. இதை என் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். வழியிலேயே வீடு இருக்கும்போது எவன் வெளியே படுப்பான்? எண்ணூர் வரை நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

காலை நாலரைக்குக் காசிமேடு. ஏலம் சூடாக இருந்தது. ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே விலை கத்துகிறார்கள், எந்தக் கூடைக்கு எந்த விலை என்பது அவர்களுக்கு மட்டும் புரிகிறது. மூன்று நாள் நடைக்கு வந்த என் மைத்துனர் அங்கே நின்று ஒரு கிலோ சங்கரா வாங்கிவிட்டார். தூக்கிக்கொண்டு பழவேற்காடு வரை நடக்கப் போகிறீர்களா என்றேன். "வழியில் அக்கா வீடு இருக்கிறதே" என்றார். எட்டு மணிக்கு மீனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி நடந்தோம். நெடுநடை வரலாற்றில் இப்படி நடந்திருக்காது.

வலப்பக்கம் கல், இடப்பக்கம் எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள். கடல் தெரிகிறது, கேட்கவில்லை.

கே.வி.கே. குப்பத்தில் சாலையோரம் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் மைத்துனர் பேச்சுக் கொடுத்தார். பாட்டி முகவாயால் கடலைக் காட்டினார். "அந்த மூன்றாவது கல் தெரிகிறதா? அதற்கு அப்பால் இரண்டு தெரு. கடைசித் தெருவில் அடிபம்பு. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்."

"எந்த வருடம் போனது ஆயா?"

"வருடமா? முதலில் பம்பு போனது. அப்புறம் சின்னவள் கல்யாணம். அப்புறம் வீடு." சொல்லிக்கொண்டே நெத்திலியைப் புரட்டிப்போட்டார். ஒரு மீன்கூட ஒன்றன்மேல் ஒன்று இல்லை. மெய்ப்புக்காரன் கண்ணுக்கு அது அச்சுக் கோத்தது போலிருந்தது.

பட்டினத்தார் சமாதியில் பத்து நிமிடம். கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே அவருடைய நடை முடியும் என்று கதை. திருவொற்றியூரில் இனித்தது. மைத்துனருக்கும் அங்கேயே இனித்துவிட்டது, "இங்கேயே முடித்துக்கொள்ளலாமே மாமா" என்றார்.

எண்ணூர் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. பெரியகுப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம். ஆறு கடலில் சேரும் இடத்தில் நின்றோம். எதிர்க்கரை கூப்பிடு தூரம்தான். கரையேற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய். ஒரு வருடத்துக்கு மேலாகியும் போகவில்லை. படகுக்காரர் நகத்தால் சுரண்டிக் காட்டினார், நகம் கறுத்தது.

சங்கராவை வறுத்து வைத்திருந்தாள். முள் நிறைய.

ஜனவரி 25, இரவு

இன்று எழுத ஒன்றுமில்லை. எண்ணூரிலிருந்து பாலம் தாண்டி, அத்திப்பட்டு புதுநகர் பக்கமாகச் சுற்றி, அனல்மின் நிலையச் சாலை வழியே காட்டுப்பள்ளி. நாள் முழுக்க நடந்து கடலை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஒரு வாயிலில் காவலாளி நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பழவேற்காடு என்றோம். பஸ் அந்தப் பக்கம் என்று கை காட்டினார். நடந்து போகிறோம் என்றதும் எங்கள் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு டஜன் வாழைப்பழம்.

சுவர், சாம்பல், லாரி, சுவர். மைத்துனர்: "மாமா, இதற்குப் பெயர் கடற்கரை நடையா, காம்பவுண்டு நடையா?"

முழுதும் நடந்தோம். மீஞ்சூரில் மனைவியின் அக்கா வீட்டில் படுக்கை. ஷூவைக் கழற்றியபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ரப்பர் செருப்புக்காரர் பேசாமல் பார்த்தார். பேசியிருந்தால் பரவாயில்லை.

ஜனவரி 27

நேற்று எழுத முடியவில்லை, தூங்கிவிட்டேன். மூன்றாம் நாளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

விடியற்காலையில் காட்டுப்பள்ளிக்குத் திரும்பினோம். கீழ்வானத்தில் தேய்பிறைக் கீற்று, அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. துறைமுகத்தின் சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மரங்களின் வேர். மணல் அரித்துக்கொண்டு போய், வேர்கள் தோலுரித்த கயிறு போல் அந்தரத்தில் தொங்கின. மைத்துனர் நின்றுவிட்டார். "நம் ராயபுரம்தான் மாமா. அங்கே நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது இங்கே இப்போது ஆரம்பித்திருக்கிறது." 31 ஆண்டு துறைமுகத்தில் சோறு தின்ற மனிதர் சொல்கிறார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மணலும் எங்களைப் போல வடக்கேதான் நடந்துகொண்டிருக்கிறது. எங்களை மறித்த அதே சுவர்கள்தான் அதையும் மறிக்கின்றன. எங்களுக்காவது சுற்றிக்கொண்டு வர சாலை இருந்தது.

காளாஞ்சி தாண்டிய பிறகுதான் உண்மையான கடற்கரை. ஷூவைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். அடும்புக்கொடி, அதன் ஊதாப் பூ, அங்கங்கே இராவணன் மீசைப் புல். அதன் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு எங்களைத் தாண்டிப் போயின.

மணலில் நடக்கத் தெரிய வேண்டும். உலர்ந்த மணல் காலை உள்ளே இழுக்கும். அலை வந்து பின்வாங்கும் ஈர மணல்தான் கெட்டி. ஆனால் அது சரிவு. வடக்கே நடப்பவனுக்கு வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் மேட்டில். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். ஐம்பது அடி பின்னோக்கி நடந்தால் சரியாகும் என்று மைத்துனர் கண்டுபிடித்தார். இரண்டு கிழவர்கள் கடற்கரையில் பின்னோக்கி நடப்பதைக் கருங்காலிப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. வெயிலும் வலப்பக்கம் மட்டும். இன்று காலை கண்ணாடியில் பார்த்தேன், வலது காது சிவந்து கிடக்கிறது, இடது காது அச்சக நாளில் இருந்த நிறத்திலேயே இருக்கிறது.

ஒரு குப்பத்தில் குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி எங்களுக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள், ஆளுக்கு ஒன்று, எண்ணிக் கொடுத்தாள்.

அடுத்ததை எழுதலாமா என்று யோசித்தேன். கோரைக்குப்பத்துக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் இடையில் ஏழு ஆமைகள் செத்துக் கிடந்தன. பங்குனி ஆமை. முட்டையிடக் கரை தேடி வரும் பருவம் இது. இந்த மாதம் சென்னைக் கடற்கரை நெடுகிலும் இப்படி ஒதுங்குவதாகச் செய்தியில் படித்தேன், படித்தது வேறு. ஆமை மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் வர முடியாது, கடலிலேயே மூழ்கிச் சாகிறது. கண் பிதுங்கியிருந்தது. ஒன்றின் ஓட்டில் வெள்ளைச் சாயம். ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடாமலிருக்கக் கணக்கெடுப்பவர்கள் போடும் அடையாளம் என்று வலைக்காரர் ஒருவர் சொன்னார். விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்பது சட்டம். "சட்டம் கரையில் இருக்கிறது, படகு கடலில் இருக்கிறது" என்றார். அவர் ஃபைபர் படகுக்காரர், விசைப்படகுக்காரர்கள்மேல் அவருக்கு வேறு வழக்கும் இருக்கும். ஆனாலும் ஏழு ஏழுதான்.

மதியத்துக்கு முன்பே கலங்கரை விளக்கம். பாலம் தாண்டிப் பழவேற்காடு ஊருக்குள். டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். மைத்துனர் அவற்றைப் பார்த்து, "இவர்களும் காசிமேட்டிலிருந்து நடந்து வந்தவர்களாக இருக்கும்" என்றார். ஏரியில் தூரத்தில் பூநாரைகள், வெள்ளைக் கோடு போட்டது போல.

இறால் தொக்கு, சோறு. பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில். மூன்று நாள் நடையை ரயில் ஒரு மணி நேரத்துக்குள் சுருட்டிக் கொடுத்துவிட்டது.

ஜனவரி 28

திருத்தங்கள்.

ஒரு பிடி மணல் கிடையாது என்று 5-ஆம் தேதி எழுதியது தவறு. கல்லைக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கிறார்களே, தூண்டில் வளைவு, அவற்றுக்கு இடையில் சில இடங்களில் மணல் திரும்பச் சேர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், பந்து கல்லில் பட்டால் அவுட். பஸ் ஜன்னலிலிருந்து இது தெரியாது. கல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது சில தெருக்களையாவது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு வளைவு மணலைப் பிடித்தால் அதற்கு வடக்கே இருப்பவனுக்குக் குறைகிறது, அவனுக்கும் ஒரு வளைவு வேண்டும், அப்புறம் அடுத்தவனுக்கு. மைத்துனரிடம் இது எங்கே முடியும் என்று கேட்டேன். "ஆந்திராவில்" என்றார்.

ஷூ விஷயத்திலும் தவறு என்னுடையதுதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பிப்ரவரி 2

பெண்கள் போகலாமா என்று ஒரு வாசகி. மூன்றாம் நாள் பகுதியை நான்கைந்து பேராகத் தாராளமாகப் போகலாம். குப்பத்துக்குக் குப்பம் ஆள் நடமாட்டம் உண்டு, தண்ணீர் கேட்டால் கொடுக்கிறார்கள், உட்காரச் சொல்கிறார்கள். கழிப்பறைதான் சிக்கல், வீடுகளில்தான் கேட்க வேண்டும். இரண்டாம் நாள் சாலையில் அதுவும் இல்லை. நாய்கள் உண்டு, ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் அவற்றுக்கும் வெயிலில் குரைக்க மனம் வருவதில்லை.

பிப்ரவரி 4

இந்தக் கரையில் யாரும் நெடுந்தூரம் நடந்ததில்லை என்கிற தொனியில் எழுதிவந்திருக்கிறேன். என் மனைவி பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஆயா எண்ணூரிலிருந்து திருவொற்றியூர்ச் சந்தைக்கு மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் நடந்தவர். போக ஒரு நடை, வர ஒரு நடை. மணல் சுடும்போது அலையில் இறங்கி நடப்பாராம், கூடையிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் கழுத்தில் இறங்குவது சுகமாக இருக்கும் என்பாராம். அப்போது நடக்க மணல் இருந்தது. வள்ளலாரும் ஏழுகிணறு வீட்டிலிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வந்து வடிவுடையம்மனைப் பாடியவர்தான்.

நடக்க வேண்டாதவர்களுக்குக் கால்வாய் இருந்தது. 1806-இலேயே சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிவிட்டார்கள், பக்கிங்காம் என்ற பெயர் 1878-இல்தான் வந்தது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து விறகும் சுண்ணாம்புச் சிப்பியும் படகில் வரும் என்று ஆயா சொல்வாராம். நாங்கள் அந்தக் கால்வாயைப் பார்த்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோம்.

வேல்ஸ்காரரின் தந்தைக்கு: உங்கள் கேள்வியில் 'முடியுமா' என்பதை 'முடிந்ததா' என்று திருத்திக்கொள்ளுங்கள். முடிந்தது.

பிப்ரவரி 9

மைத்துனர் இன்று வந்து எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தார். பின்னோக்கி நடந்த பகுதியில் சிரித்தார். ஜனவரி 25-க்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"முழுதும் நடந்தோம் என்று போட்டிருக்கிறீர்களே மாமா."

சரி. அத்திப்பட்டு புதுநகரிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் போனோம். கொப்புளம் உடைந்து ஷூவுக்குள் ரத்தம். ஆட்டோவை நிறுத்தியது நான்தான். அவர் நடக்கலாம் என்றார். ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவன் இதை மட்டும் விட்டுவிட்டேன். அன்று இரவு களைப்பில் எழுதியது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் 28-ஆம் தேதி திருத்தங்கள் எழுதும்போது களைப்பு இல்லை.

பிப்ரவரி 16

இன்று ஞாயிறு. மின்சார ரயிலில் அத்திப்பட்டு புதுநகர் போய் இறங்கி, அந்த நான்கு கிலோமீட்டரை நடந்துவிட்டேன். ரப்பர் செருப்பு. லாரி குறைவு. சாலையோரப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது, அதன் கால் சாம்பல் நிறம், சேறா சாயமா தெரியவில்லை. ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

மைத்துனர் நடக்க வரவில்லை. தான் அன்றைக்கே நடக்கத் தயாராக இருந்ததாகவும், ஆகவே தன் கணக்கில் பாக்கி இல்லை என்றும் சொல்லிவிட்டார். ஷேர் ஆட்டோவில் முன்னால் போய், நாங்கள் அன்று இறங்கிய அதே இடத்தில் இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒன்று ஆறிப்போயிருந்தது. அதை என்னிடம் கொடுத்தார்.